காட்சிக்கூடம் எழுகிறது, தொழிற்கூடம் சரிகிறது

2023 ஜூலை 26 அன்று தில்லி பிரகதி மைதானத்தில் ‘பாரத் மண்டபம்’ திறந்துவைக்கப்பட்டது. அதன்பின் 53 நாட்கள் கழித்து, செப்டம்பர் 17 அன்று, அதே தில்லியின் துவாரகா பகுதியில் ‘யசோபூமி’ என்னும் மற்றொரு மாபெரும் மாநாட்டு, கண்காட்சி மையத்தின் முதற்கட்டம் திறக்கப்பட்டது. முன்னதற்கு ஏறத்தாழ 2,700 கோடி ரூபாய். பின்னதற்கு ஏறத்தாழ 5,400 கோடி ரூபாய். இரண்டையும் ஒரே பிரதமர் திறந்துவைத்தார். வளர்ந்த இந்தியாவின் அடையாளங்கள் என இரண்டும் போற்றப்பட்டன. தில்லியைப் பார்த்து மாநிலத் தலைநகரங்களும் இத்தகைய கூடங்களுக்குத் திட்டம் தீட்டுகின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் எழும் பன்னாட்டு அரங்கமும் இந்த வரிசையில் சேர்வதே.

இவற்றைக் குறித்து நமது நிலைபாடு என்ன? கோலார் தங்கவயலில் இருந்துகொண்டு இக்கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரின் தொழிற்கூடம் மூடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எஞ்சியிருக்கும் மற்றொரு பொதுத்துறை ஆலையும் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. உற்பத்தி செய்யும் இடங்களைக் கைவிடும் அரசு, உற்பத்தியைக் காட்சிக்கு வைக்கும் இடங்களை மட்டும் ஆயிரக்கணக்கான கோடியில் எழுப்புகிறது. கண்காட்சிக் கூடம் வேண்டாம் என்று சொல்வது நமது வேலையன்று. அக்கூடத்தில் எதைக் காட்டப் போகிறீர்கள், அதைச் செய்த கைகளுக்கு அங்கே என்ன இடம் என்று கேட்பதே நமது கடமை.

கண்காட்சியும் தொழிலாளி வர்க்கமும்

நவீனக் கண்காட்சியின் வரலாறு 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் எழுந்த பளிங்கு மாளிகையோடு தொடங்குகிறது எனலாம். அது திறக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டே மார்க்சும் எங்கெல்சும் அதைப் பற்றி எழுதினார்கள். தானே உருவாக்கிக்கொண்ட தெய்வங்களை முதலாளி வர்க்கம் பெருமையோடு காட்சிக்கு வைக்கும் கோயில் அது என்று எள்ளினார்கள். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. ஒரே கூரையின் கீழ்த் திரட்டப்படும் அந்த உற்பத்தி ஆற்றல்களே புதிய சமுதாயத்தைக் கட்டுவதற்கான மூலப்பொருள் என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். இகழ்ச்சியும் மதிப்பும் ஒன்றாகக் கலந்த இந்தப் பார்வைதான் நமக்கு வழிகாட்டி.

அவர்கள் கண்டது பதினான்கே ஆண்டுகளில் மெய்யாயிற்று. 1862இல் லண்டனில் நடைபெற்ற அடுத்த உலகக் கண்காட்சிக்குப் பிரான்சிலிருந்து தொழிலாளர் பிரதிநிதிகள் சென்றார்கள். எந்திரங்களைப் பார்த்துவர அனுப்பப்பட்டவர்கள், ஆங்கிலேயத் தொழிற்சங்கத்தினரைச் சந்தித்துத் திரும்பினார்கள். கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு என்று ஒருவரையொருவர் கேட்டறிந்தார்கள். அங்கே அரும்பிய தொடர்புதான் 1864 செப்டம்பர் 28 அன்று லண்டன் செயின்ட் மார்ட்டின் மண்டபத்தில் முதலாம் அகிலமாக மலர்ந்தது. ஆளும் வர்க்கம் தன் புகழுக்கென எழுப்பிய கூடம், தொழிலாளர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் வாயிலாகவும் ஆனது. ஆகவே கூடங்களைக் கண்டு முகம் சுளிப்பது மார்க்சியமாகாது. அவற்றுள் நுழையும் உரிமையைக் கோருவதே நமது மரபு.

1972: இரண்டு பிறப்புகள்

விடுதலையின் வெள்ளிவிழாவை ஒட்டி, 1972இல் பிரகதி மைதானத்தில் ‘ஆசியா 72’ என்னும் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சி நடைபெற்றது. அதற்கென எழுந்ததே ‘தேசங்களின் கூடம்’. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் வடிவமைக்க, பொறியாளர் மகேந்திர ராஜ் கட்டமைப்பை வகுத்தார். நடுவே தூண்களின்றி நின்ற அக்கூடத்தின் முக்கோணச் சட்டங்கள் எஃகினால் ஆனவை அல்ல. எஃகு விலை உயர்ந்ததாகவும் கிடைத்தற்கு அரியதாகவும் இருந்த காலம் அது. ஆகவே, நம்மிடம் இருந்த சிமெண்டையும் நம்மிடம் நிறைந்திருந்த உழைப்பாளரின் கைத்திறனையும் நம்பி, கான்கிரீட்டைக் களத்திலேயே கையால் வார்த்து எழுப்பினார்கள். கண்காட்சிக்கு வைத்த பொருள்களைவிட அந்தக் கூடமே பெரிய காட்சிப்பொருளாக நின்றது.

அதே 1972ஆம் ஆண்டில்தான் ‘பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட்’ என்னும் பொதுத்துறை நிறுவனம் தோன்றிற்று. ஜான் டெய்லர் நிறுவனத்தின் கையில் எழுபதாண்டுகளுக்கு மேல் இருந்த தங்கவயல் சுரங்கங்கள், 1956இல் மைசூர் மாநில அரசின் உடைமையாகி, 1962இல் மத்திய அரசுக்கு மாறி, 1972இல் தனி நிறுவனமாயின. அவ்விரு நிகழ்வுகளையும் ஒரே காலத்தின் ஒரே எண்ணம் பிணைக்கிறது. நாட்டின் செல்வம் நாட்டுடைமை. அதை உண்டாக்குவதும் காட்டுவதும் அரசின் பொறுப்பு. அக்கால அரசின் வர்க்கத் தன்மையை நாம் அறிவோம். அதற்கெதிராகப் போராடியும் இருக்கிறோம். எனினும், உற்பத்தி என ஒன்று இல்லாமல் கண்காட்சி என ஒன்று இல்லை என்பதையாவது அது புரிந்துவைத்திருந்தது.

அவ்விரண்டும் எப்படி முடிந்தன? ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் தந்த சுரங்கங்கள், நட்டம் என்னும் ஒற்றைச் சொல்லால் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. ஒரு காலத்தில் 30,000க்கும் மேற்பட்டோர் உழைத்த சுரங்கங்கள் அவை. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கொதிக்கும் வெப்பத்தில், பாறை வெடிப்புக்கும் நுரையீரலைக் கல்லாக்கும் சிலிக்கோசிசுக்கும் உயிர்களைக் கொடுத்து எடுத்த தங்கம் அது. தேசங்களின் கூடமோ 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்துத் தள்ளப்பட்டது. அறுபது வயது நிரம்பாத கட்டடம் மரபுச் சின்னமாகாது என்பது சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்று. இடிபட்ட இடம் உள்ளிட்ட வளாகத்தில்தான் இன்றைய பாரத் மண்டபம் நிற்கிறது.

பணம் யாருடையது, ஆட்சி யாருடையது?

புதிய கூடங்களின் கணக்கை நோக்குவோம். பிரகதி மைதானம் பொது நிலம். அதன் மறுசீரமைப்பின் ஓர் அங்கமாக 3.7 ஏக்கர் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஐந்து நட்சத்திர விடுதிக்கென ஒதுக்கப்பட்டது. யசோபூமியைக் கட்டியதற்கென அமைக்கப்பட்ட நிறுவனம் முற்றிலும் அரசினுடையது. ஆனால் அதை நடத்தும் பொறுப்பு இருபது ஆண்டுகளுக்குத் தென்கொரிய நிறுவனங்களின் கூட்டுக்குத் தரப்பட்டுள்ளது. நிலம் மக்களுடையது, கட்டுமானச் செலவு மக்களுடையது, அதை ஆளும் அதிகாரம் மட்டும் வேறொருவருடையது. நவதாராளமயத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக எழுதிவிட முடியாது.

இன்னொரு விலையும் உண்டு. அது எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதப்படுவதில்லை. 2023 செப்டம்பர் 9, 10 நாட்களில் பாரத் மண்டபத்தில் ஜி20 உச்சிமாநாடு கூடியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, பிரகதி மைதானத்துக்கு நடந்துசெல்லும் தொலைவில் இருந்த ‘ஜனதா கேம்ப்’ குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. அரசுத் தரப்பு அதை ஆக்கிரமிப்பு அகற்றம் என்றது. மாநாடு ஊருக்கு வந்தால் வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்த மக்கள், மாநாட்டுக்கு முன்பே வீட்டை இழந்தார்கள். விருந்தினர் செல்லும் வழிகளில் எஞ்சிய குடிசைகளைப் பச்சைத் திரைகள் மறைத்தன. காட்டுவதற்கென ஆயிரக்கணக்கான கோடி. மறைப்பதற்குச் சில நூறு கெஜம் துணி.

பெயரைக் கடன் வாங்கியவர்கள்

மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்டவனுக்குப் பெயர்களின்மேல் கண் செல்வது இயல்பு. பாரத் மண்டபம் என்னும் பெயருக்கு, கல்யாண நகரில் பசவண்ணர் அமைத்த ‘அனுபவ மண்டபமே’ ஊக்கம் என்று திறப்பு விழாவிலேயே பிரதமர் கூறினார். கன்னட மண்ணில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அப்பெயரின் பொருள் நன்கு தெரியும். ஆகவே அந்த அளவுகோலைக் கொண்டே இந்த மண்டபத்தை அளந்துபார்ப்போம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் அனுபவ மண்டபத்தில் அல்லமப் பிரபுவின் தலைமையில் கூடியவர்கள் யார்? செருப்புத் தைத்த ஹரளய்யா, படகோட்டிய அம்பிகர சௌடய்யா, சிந்திய அரிசியைப் பொறுக்கிப் பிழைத்த குடும்பத்து லக்கம்மா, அரண்மனையைத் துறந்த அக்கமகாதேவி. உழைப்பையே வழிபாடாகக் கொண்ட ‘காயக’ நெறி அங்கேதான் சொல்வடிவம் பெற்றது. பிறப்பால் வரும் தொழிலையும் தொழிலால் வரும் இழிவையும் அவர்கள் ஒருசேர மறுத்தார்கள். ஹரளய்யாவின் மகனுக்கும் பிராமணராகப் பிறந்த மதுவரசரின் மகளுக்கும் நடந்த திருமணத்துக்காக அவ்விரு தந்தையரும் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், கல்யாண நகரமே கொந்தளித்தது என்றும் மரபு கூறுகிறது. அனுபவ மண்டபம் என்னும் பெயருக்குப் பின்னால் இந்த இரத்தமும் உண்டு.

அப்பெயரைக் கடன் வாங்கிய அதே ஆட்சி, யசோபூமியைத் திறந்த அதே நாளில், அதே மேடையில், ‘பிரதமர் விஸ்வகர்மா’ திட்டத்தைத் தொடங்கிவைத்தது. தச்சர், கொல்லர், குயவர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர், செருப்புத் தைப்போர் உள்ளிட்ட பதினெட்டுத் தொழில்களைச் செய்வோருக்குப் பயிற்சியும் கடனும் தரும் திட்டம் அது. கைவினைஞருக்குக் கடன் கிடைப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் செய்துவரும் தொழில் என்னும் கருத்தை அரசுத் திட்டத்தின் அடித்தளமாக்குவது குலத்தொழிலுக்குப் புதிய முத்திரை குத்துவதாகும். தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பின் பொருள் இதுவே. செருப்புத் தைத்தவரை அவையில் அமர்த்திச் சமமாகப் பேசவைத்தது பசவண்ணரின் மண்டபம். செருப்புத் தைப்பவரின் மகனுக்குச் செருப்புத் தைக்கக் கடன் தருவதாக அறிவித்தது நமது காலத்து மண்டபம்.

தமிழ் இலக்கிய மரபிலும் ஓர் அளவுகோல் உண்டு. மகதத்திலிருந்தும் மராட்டத்திலிருந்தும் அவந்தியிலிருந்தும் யவனத்திலிருந்தும் வந்த கைவினைஞர்கள் தமிழ்நாட்டுக் கைவினைஞரோடு சேர்ந்து ஒரு மண்டபத்தை எழுப்பியதை மணிமேகலைக் காப்பியம் குறித்துவைத்திருக்கிறது. அரசனின் மண்டபம்தான், எனினும் அதைச் செய்தவர் யாவர் என்று சொல்வது தன் கடமை எனக் காப்பியப் புலவர் கருதினார். இன்றைய கூடங்களின் கல்வெட்டுகளில் திறந்துவைத்தவரின் பெயர் இருக்கிறது. பிகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பெருநகரங்களுக்கு வந்து சாரம் கட்டிக் கான்கிரீட் சுமக்கும் தொழிலாளருக்கு அங்கே ஒரு வரியும் இல்லை.

தங்கவயலிலிருந்து பார்த்தால்

இனி நமது ஊருக்கு வருவோம். ஒவ்வொரு நாளும் விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்திலிருந்து ரயில் புறப்படுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஆட்களை நிரப்பிக்கொண்டு, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூரு செல்கிறது. சுரங்கத் தொழிலாளியின் மகனும் மகளும் பேரனும் அதில் இருக்கிறார்கள். வழியில் ஒயிட்ஃபீல்டு வருகிறது. மத்திய அரசின் வர்த்தக மேம்பாட்டு நிறுவனமும் கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியமும் கூட்டாக அமைத்த கண்காட்சி மையம் அங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றிலும் மென்பொருள் நிறுவனங்கள். அந்தக் கட்டடங்களின் தரையைத் துடைப்பவர்களாகவும், வாயிலில் நிற்கும் காவலர்களாகவும், கண்காட்சி நாட்களில் அரங்குகளைப் பொருத்திப் பிரிக்கும் தினக்கூலிகளாகவும் நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஒப்பந்தக்காரர் மாறினால் வேலை போகும். பணிமூப்பு கணக்கில் வராது. பயணத்துக்கும் வேலைக்கும் சேர்த்து நாளில் பதினைந்து மணி நேரம் கரைகிறது.

மாநாட்டு மையங்களால் வேலைவாய்ப்புப் பெருகும் என்று சொல்லப்படும்போது, எத்தகைய வேலை என்று கேட்க நாம் தயங்கக் கூடாது. கட்டும்போது கிடைக்கும் வேலை கட்டி முடிந்ததும் போய்விடும். கட்டி முடிந்தபின் கிடைப்பது நிகழ்ச்சி உள்ள நாளுக்கு மட்டுமான வேலை. ஒரு சுரங்கமோ ஆலையோ ஓர் ஊரையே உருவாக்கும். பள்ளியும் மருத்துவமனையும் சங்கமும் அதைச் சுற்றி வளரும். காட்சிக்கூடத்தால் அப்படி ஓர் ஊரை உருவாக்க இயலாது.

தங்கவயலில் எஞ்சியிருக்கும் பெரிய தொழிற்கூடம் 1964இல் தொடங்கப்பெற்ற பெமல் நிறுவனத்தினுடையது. இங்கே செய்யப்படும் புல்டோசர்களும் மண் அகழும் எந்திரங்களும், பெங்களூரு தும்கூர்ச் சாலையில் உள்ள பன்னாட்டுக் கண்காட்சி மையத்தில் நடைபெறும் ‘எக்ஸ்கான்’ கண்காட்சியில் பெருமையோடு நிறுத்திவைக்கப்படுகின்றன. அந்தப் பெருமை நமக்கும் உண்டு. ஆனால் 2021 ஜனவரியில் இதே நிறுவனத்தின் 26 சதவீதப் பங்குகளை நிர்வாக அதிகாரத்தோடு சேர்த்து விற்பதற்கு ஒன்றிய அரசு விருப்பம் கோரியது. பின்னர் அதன் உபரி நிலங்கள் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டன. எந்திரத்தைக் காட்சிக்கு வைத்துக்கொண்டே எந்திரம் செய்யும் ஆலைக்கு விலை கேட்கிறார்கள். அப்படியானால் கண்காட்சியில் நிற்பது எந்திரமா, விற்பனைக்கு வந்த ஆலையின் மாதிரியா?

சுரங்க நிறுவனத்தின் நிலமும் அவ்வாறே ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கரைத் தொழிற்பூங்காவுக்கென மாநில அரசு கேட்கிறது. சயனைடு மேடுகளில் எஞ்சிய தங்கத்துக்காக அவற்றை ஏலம் விட ஒன்றிய அரசு முனைகிறது. 2001இல் தங்கம் எடுப்பது நட்டம் என்றார்கள். அன்று முதல் தங்கத்தின் விலை பன்மடங்கு ஏறியிருக்கிறது. நட்டம் தொழிலாளியின் தலையிலும், வரப்போகும் ஆதாயம் ஏலம் எடுப்பவரின் கையிலுமா? கோடைக்காற்றில் அந்த மேடுகளின் தூசியை மூச்சாக உட்கொண்டு வாழ்ந்தவர்கள் இம்மக்கள். அந்த மேட்டின்மேல் முதல் உரிமை அவர்களுக்கே உண்டு.

நமது கோரிக்கைகள்

விமர்சனத்தோடு நின்றுவிடுவது போதாது. நான்கு கோரிக்கைகளை நமது அமைப்புகள் விவாதித்து முன்னெடுக்க வேண்டும்.

முதலாவது, பொது நிலத்தில் பொதுப்பணத்தில் எழும் மாநாட்டு, கண்காட்சி மையங்களைப் பொதுத்துறையே நடத்த வேண்டும். ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் சிறுதொழில் முனைவோருக்கும் தொழிற்சங்க மாநாடுகளுக்கும் குறைந்த வாடகையில் ஒதுக்கப்பட வேண்டும். வரிசெலுத்தும் உழைப்பாளிக்கு வாடகைக்குக் கிடைக்காத கூடத்தைப் பொதுக்கூடம் என்று அழைப்பது பொருந்தாது.

இரண்டாவது, அம்மையங்களில் துப்புரவு, காவல், மின்பணி, அரங்கு அமைப்பு ஆகியவற்றைச் செய்வோர் நிரந்தரத் தன்மையுள்ள பணியையே செய்கிறார்கள். அவர்களுக்குப் பணிப் பாதுகாப்பும் சங்கம் சேரும் உரிமையும் உறுதி செய்யப்பட வேண்டும். இரயிலில் செல்லும் தங்கவயல் இளைஞர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்தில் மட்டுமின்றி, அவர்கள் வாழும் இந்த ஊரிலும் அமைப்பாக்குவது நமது கையில் இருக்கிறது.

மூன்றாவது, எந்தப் பெருங்கட்டுமானமும் அங்கே குடியிருப்போரை வெளியேற்றித் தொடங்கப்படலாகாது. மாற்று வீடு தயாரான பிறகே பழைய வீட்டின் செங்கல்லைத் தொட வேண்டும். தலைமுறைகளாகச் சுரங்க லைன் வீடுகளில் வாழும் நம் மக்களின் வீட்டுரிமைக் கோரிக்கையும் இதனோடு இணைந்ததே.

நான்காவது, தங்கவயலின் நிலத்தில் உற்பத்திக்கே முதலிடம். பெமல் பொதுத்துறையாகவே நீடிக்க வேண்டும். சயனைடு மேடுகளிலிருந்து கிடைக்கும் வருவாயின் ஒரு பங்கு இவ்வூரின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஒதுக்கப்பட வேண்டும். இவற்றுக்குப் பிறகு ஒரு கூடமும் வேண்டும் என்றால், அதையும் நாம் கேட்போம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம், ஆழச் சுரங்கத்தின் எந்திரங்கள், 1965இல் வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த ஆய்வுகளுள் ஒன்று இச்சுரங்கத்தின் அடியில் நடந்தது என்னும் பெருமை, கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் ஆகிய அனைத்தையும் தாங்கும் தொழிலாளர் அருங்காட்சியகமாக அது அமையட்டும்.

கூடங்கள் இந்த ஊருக்குப் புதியவை அல்ல. பகலெல்லாம் பூமிக்கடியில் உழைத்த மக்கள், மாலையில் மாரிகுப்பத்துப் பௌத்த சங்கத்தில் கூடிச் சாதியை மறுத்து வாதிட்டார்கள். அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழை ஜி. அப்பாதுரையார் 1926 முதல் இங்கிருந்துதான் மீண்டும் நடத்தினார். தொழிற்சங்கக் கூட்டங்களும் இரவுப் பாடசாலைகளும் நடந்த சிறிய கூரைகளின் கீழ்தான் தங்கவயல் தன்னை அறிந்துகொண்டது. பேச உரிமை இல்லாதவருக்குப் பேச இடம் தந்த அவைதான் அனுபவ மண்டபம் என்றால், அப்பெயருக்கு அந்தச் சிறிய கூடங்கள் தகுதி உடையவை.

ஆளும் வர்க்கம் தனக்கென மண்டபங்களைக் கட்டிக்கொண்டே இருக்கும். அவற்றின் கதவுகளை உழைப்பாளிக்காகத் திறக்கச் செய்வதும், மூடப்பட்ட ஆலைகளின் கதவுகளைத் திறக்கப் போராடுவதும் ஒரே போராட்டத்தின் இரு கைகள். வருகின்ற கிளைக் கூட்டங்களில் இந்நான்கு கோரிக்கைகளையும் விவாதிப்போம். அதிகாலை ரயிலில் செல்லும் நம் இளைஞர்களிடம் அவற்றைக் கொண்டுசெல்வோம்.